கடலுக்கு ஒரு பஸ் போகிறது, உங்களுக்குத் தெரியுமா?

ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கெலிஓயா, கம்பளை என்று மலைநாட்டில் வாழும் குடும்பங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கடைக்குட்டி கடலைப் பார்த்திருக்கிறதா? பார்த்திருந்தால் எந்தக் கடலை, எந்த மாதத்தில், எதில் ஏறிப் போய்ப் பார்த்தது?

நான் படிப்பித்த வகுப்பில் ஒருமுறை இதையே கேட்டேன். பார்த்ததாகக் கை உயர்த்திய பிள்ளைகள் சொன்ன பெயர்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று காலிமுகத்திடல், மற்றது நீர்கொழும்பு. போன மாதம் ஆகஸ்ட், போன வாகனம் வேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நாங்களும் போனோம். ஆனா வாப்பா தண்ணியில எறங்க விடல்ல. அலை பெருசு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துகொண்டது.

அந்த வாப்பா செய்தது முழுக்க முழுக்கச் சரி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். அப்போது மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளித்துக்கொண்டிருக்கும். நீந்தத் தெரிந்தவர்களே யோசித்து இறங்க வேண்டிய நேரம். ஆனால் அதே ஆகஸ்ட் மாதத்தில் நாட்டின் மறுபக்கத்தில், பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் கடல் குளத்தைப் போல் கிடக்கும். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் பெரியவர்களின் இடுப்பைத் தாண்டுவது மெதுவாகத்தான். நவம்பருக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். கிழக்கில் வடகீழ்ப் பருவக்காற்று புகுந்துவிட, மேற்குக் கரை அமைதியாகிவிடும்.

இன்னொரு விஷயம். அந்தப் பிள்ளையின் வீடு அக்குறணையில், ஏ 9 வீதிக்கு மிகப் பக்கத்தில். கண்டியில் இருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ், கட்டுகஸ்தோட்டையைக் கடந்து, அக்குறணைச் சந்தியின் வழியாக, மாத்தளை, தம்புள்ளை என்று போகிறது. கடலுக்குப் போகும் பஸ் அந்த வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகிறது. அதை அந்த வீட்டுக்குச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

ஊரைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒன்றும் தெரிந்தவள் இல்லை.

பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்தது. மூன்று பிள்ளைகள், நான், பிள்ளைகளின் வாப்பா, என் உம்மா என்று ஆறு பேர். திருகோணமலைக்குப் போகலாம் என்று முடிவு. பஸ்ஸில் போனால் என்ன என்று நான்தான் சொன்னேன். இவர் நகரத்துக்குப் போய் ஒரு பஸ் நிலையத்தில் விசாரித்தார். எந்த நிலையம், யாரிடம் என்பதெல்லாம் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையை உயர்த்தாமலே, "காலையில் வந்து பாருங்கள், இருந்தால் போகும்" என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். காலையில் என்றால் எத்தனை மணிக்கு? "ஐந்து, ஐந்தரை, ஆறு." திரும்பி வர? "அங்கே கேளுங்கள்."

வாசகர்களே, வயதான ஒரு தாயையும், மூன்று பிள்ளைகளையும், சோற்றுப் பார்சல்களையும், மாற்றுடுப்பு மூட்டையையும் தூக்கிக்கொண்டு, "இருந்தால் போகும்" என்ற பேச்சை நம்பி விடியற்காலையில் வீட்டை விட்டு இறங்க உங்களுக்குத் துணிவு வருமா? எனக்கு வரவில்லை. வேன் பிடித்தோம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு வேன் வாடகை எப்படி ஏறியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதச் சீட்டுப் பணம் அதிலே போயிற்று.

அங்கே போய், மறுநாள் பின்னேரம் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். எதிரில் ஒரு பஸ் நிற்கிறது. நெற்றியில் 'மஹநுவர' என்று சிங்களத்திலும், சிறிதாகக் 'கண்டி' என்று தமிழிலும் எழுதியிருக்கிறது. உள்ளே பாதிக்கு மேல் வெற்று சீட். இவர் இறங்கிப் போய்க் கொண்டக்டரிடம் பேச்சுக் கொடுத்தார், நானும் பின்னால் போனேன். கிண்ணியாப் பக்கத்துப் பையன்.

"ராத்தா, லீவு நாளையில ஒரு பஸ் கூடுதலாப் போடுறாங்க. ஆனா ஏறுறதுக்கு ஆள் இல்ல. ரெண்டு கிழமை பாப்பாங்க, ஆள் இல்லாட்டி நிப்பாட்டிருவாங்க" என்றான்.

"போடுறாங்கன்டு எங்களுக்கு யாரு தம்பி சொன்னது?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "எங்களுக்கே முந்தின நாள் ராவுதான் ராத்தா சொல்லுவாங்க."

இந்த ஒரு பேச்சுத்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நாங்கள் வேனுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம், எங்களுக்காகப் போட்ட பஸ் வெறுமனே நிற்கிறது. எங்களுக்கு பஸ் இருப்பது தெரியாது. பஸ்காரர்களுக்கு நாங்கள் இருப்பது தெரியாது. இரண்டு கிழமை கழித்து யாரோ ஒருவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "கண்டி ஆட்களுக்குக் கடலில் விருப்பம் இல்லை" என்று எழுதி, அந்த பஸ்ஸை வேறு பாதைக்கு மாற்றிவிடுவார். அடுத்த வருடம் அதைக் கேட்டால், "போட்டுப் பார்த்தோமே, ஆள் வரவில்லையே" என்பார்கள். சொல்லாமல் போட்ட பஸ்ஸுக்கு ஆள் எப்படி வரும்?

சீசன் என்றால் என்ன?

எங்கள் பக்கத்தில் 'சீசன்' என்றால் பாடசாலைப் பிள்ளைகளின் பஸ் சீசன் டிக்கட்தான் முதலில் ஞாபகம் வரும். அதை விட்டால் நுவரெலியாவின் ஏப்ரல் சீசன், அதையும் விட்டால் சிவனொளிபாதமலைச் சீசன். கடலுக்கும் ஒரு சீசன் உண்டு என்பது மலைநாட்டுப் பேச்சில் கிடையாது.

சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாத உந்துவப் போயா அன்று தொடங்கி, வெசாக் போயாவோடு முடியும். அந்த மாதங்களில் கண்டியில் இருந்து நல்லதண்ணிக்கு நேரடி பஸ் ஓடும். அதை யாரும் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்வதில்லை. செய்யத் தேவையும் இல்லை. நாள் காட்டியே விளம்பரம். ஊருக்கு ஊர் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள், எந்த நேரம் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். கதிர்காமத்துக்கும் மடுவுக்கும் அப்படித்தான். கடலுக்கு அப்படி ஒரு போயா தினம் இல்லை. காற்று மாறும்போது அதன் சீசன் தொடங்குகிறது, காற்று மாறும்போது முடிகிறது. ஆகவே கடல் பஸ்ஸை யாராவது வாயைத் திறந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

முந்தின தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். தனியார் கம்பனிகளிடம் இருந்த பஸ்களை எல்லாம் அரசு எடுத்து, 1958 ஜனவரி 1 ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடங்கியது. எங்கள் வாப்பா அந்தச் சிவப்பு பஸ்ஸில் ஏறித் திருகோணமலைக்குப் போய், துறைமுகத்தையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் பார்த்து வந்த கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். 1983 இல் யுத்தம் தொடங்கியது. 1990க்குப் பிறகு கிழக்குக்கு உல்லாசமாகப் போவது என்ற பேச்சையே வீடுகளில் யாரும் எடுக்கவில்லை. சொந்தக்காரர் மையித்துக்குப் போவதற்கே ஆயிரம் யோசனை. 2004 டிசம்பரில் சுனாமி வந்து கிழக்குக் கரையைத் துடைத்துவிட்டுப் போயிற்று. 2009 இல் யுத்தம் முடிந்து, அதன் பிறகுதான் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பின.

கணக்குப் பார்த்தால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மலைநாட்டுக் குடும்பங்களுக்குக் கிழக்குக் கடல் மூடிக் கிடந்தது. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கலியாணம் முடித்து, தானும் பிள்ளை பெறுகிற காலம் அது. எந்த மாதத்தில் எந்தக் கடல் என்று உம்மா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற பழக்கம் அந்த இடைவெளியில் அறுந்து போயிற்று. பாதை திறந்துவிட்டது, பஸ் ஓடுகிறது. அறுந்து போன பேச்சை மட்டும் யாரும் முடிந்து விடவில்லை.

பஸ்ஸின் நெற்றியில் கடல் இல்லை

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். முதுகில் மூட்டையோடு கண்டிக்கு வந்து இறங்குகிற வெள்ளைக்காரப் பிள்ளையின் கையில் 'லோன்லி பிளானட்' வழிகாட்டிப் புத்தகம் இருக்கும். கண்டியில் எந்த ஊர் பஸ் எந்த நிலையத்தில் இருந்து புறப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கும். மே வந்தால் கிழக்குக்குப் போ, டிசம்பர் வந்தால் தெற்குக்குப் போ என்றும் எழுதியிருக்கும். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் அச்சான புத்தகத்துக்குத் தெரிந்தது, அக்குறணைச் சந்தியில் கடை வைத்திருக்கும் நானாவுக்குத் தெரியவில்லை. நம் சுற்றுலாத் துறையின் அழகழகான கடற்கரைப் படங்களும் வெளிநாட்டவரை மனதில் வைத்து எடுத்தவைதான். அவற்றில் பஸ் எங்கே நிற்கும் என்று போடுவதில்லை.

உள்ளூரில் இன்னொரு கூட்டத்துக்கும் இது அத்துப்படி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கிழக்கு மாகாணப் பிள்ளைகள்! கல்முனை பஸ் எப்போது, மட்டக்களப்பு பஸ் எப்போது, எதில் சீட் கிடைக்கும், எந்தக் கொண்டக்டர் மிச்சக் காசை ஒழுங்காகத் தருவார் என்பது வரை மனப்பாடம். அவர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் பஸ். நமக்கு அது கடலுக்குப் போகும் பஸ் என்று தோன்றுவதில்லை.

ஏன் தோன்றுவதில்லை? பலகையைப் பாருங்கள். 'மட்டக்களப்பு' என்றிருக்கும். பாசிக்குடா என்று இருக்காது. பொலன்னறுவைப் பக்கமாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் வாழைச்சேனையில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஓட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் கடற்கரை. 'திருகோணமலை' என்றிருக்கும். நிலாவெளி என்று இருக்காது. நகரத்தில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் வடக்கே போக வேண்டும், உப்புவெளி என்றால் அதிலும் பாதித் தூரந்தான். மஹியங்கனைப் பக்கம், பதினெட்டு வளைவு இறங்கிப் போகும் பஸ்களும் உண்டு. அவை கல்முனை, அக்கரைப்பற்று என்று போகும். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பாதையைப் பற்றி இரண்டு முறை யோசியுங்கள், அது தனிக் கதை.

இவ்வளவும் தெரிந்தால்தான் ஒரு தாய் பஸ்ஸில் கடலுக்குப் போக முடியும். "விசேட பஸ் சேவை" என்ற ஒரு வரிச் செய்தி போதாது.

பத்திரிகைகள் என்ன செய்கின்றன?

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் ஆண்டுதோறும் படிக்கிறோம், "மக்களின் நலன் கருதி மேலதிக பஸ்கள் சேவையில் ஈடுபடுத்தப்படும்." எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு, என்ன கட்டணம், எப்போது திரும்பும் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அமைச்சரின் பெயர் இருக்கும், நேரம் இருக்காது. அதுவும் கொழும்பில் இருந்து வெளியூர்களுக்குப் போகிறவர்களை வைத்து எழுதிய செய்தி. கண்டியில் இருந்து கிழக்குக்குப் போகிறவர் அதில் எந்த வரியிலும் இல்லை.

நிருபர்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. பஸ் பள்ளத்தில் விழுந்தால் முதல் பக்கம். புது பஸ்ஸுக்கு ரிப்பன் வெட்டினால் மூன்றாம் பக்கம், படத்தோடு. பஸ் ஒழுங்காக நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தால் அது செய்தியே இல்லை. அனுப்பினாலும் ஆசிரியர் போட மாட்டார் என்பது நிருபருக்குத் தெரியும். போதாததற்கு, டிப்போவில் இருந்து தகவல் வருவதே கடைசி நேரத்தில். பஸ் பழுதாகாமல் இருக்க வேண்டும், ட்ரைவரும் கொண்டக்டரும் லீவு எடுக்காமல் இருக்க வேண்டும், இதெல்லாம் சரிவந்தால்தான் மேலதிக பஸ். முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போடாமல் விட்டால் ஏச்சு விழுமே என்ற பயமும் உத்தியோகத்தர்களுக்கு இருக்கும். வாக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

1979 இல் தனியார் பஸ்களுக்கு மறுபடி வழி திறந்த பிறகு சிக்கல் இன்னும் கூடிவிட்டது. மாகாணம் விட்டு மாகாணம் போகும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. அரசாங்க பஸ்ஸுக்கு டிப்போ. மாகாணத்துக்குள் ஓடுவதற்கு மாகாண அதிகாரசபை. தனியார் பஸ்காரருக்கு விளம்பரம் என்றால் கொண்டக்டரின் தொண்டைதான். நிலையத்துக்குள் வந்து நிற்கிறவரை அந்தத் தொண்டை கூப்பிடும். வீட்டில் இருந்து யோசிக்கிறவரை அது எட்டாது. இத்தனை பேர் பஸ் விடுகிறார்கள். கண்டி மாவட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு, "இந்த மாதம் இந்தக் கடலுக்கு இந்த பஸ்ஸில் போகலாம்" என்று சொல்வது இவர்களில் யாருடைய வேலை? ஒருவருடைய வேலையும் இல்லை.

மொழியும் இருக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தம் அரசியல் யாப்பில் எழுதியது. பஸ் நிலையத்துக் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதுகிறவரின் கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. நம்மில் பலருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பெண்களில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் அதிகம்.

நம்முடைய பிள்ளைகளின் லீவும் கொஞ்சம் வேறு. அரச முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தை ஒட்டி விடுமுறை வருவதால், தவணைகள் மற்றப் பாடசாலைகளோடு அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைப் பாருங்கள். 2023 இல் ஜூன் 29, 2024 இல் ஜூன் 17, 2025 இல் ஜூன் 7. மூன்றும் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் காலத்தின் நடுவில். பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னுக்கு வரும் என்பதால், 2030 அளவில் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் போய்விடும், அதன் பிறகு இந்தப் பொருத்தம் நழுவிவிடும். குர்பான் வேலைகள் முடிந்து, அந்த வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போவோம் என்று நினைக்கிற குடும்பங்கள் எத்தனை! அந்த நாட்களுக்குக் கண்டியில் இருந்து கிழக்குக்கு மேலதிக பஸ் என்று ஓர் அறிவித்தலை நான் இதுவரை கண்டதில்லை. கேட்டவர்களும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்ற ஊர்களில்

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசாங்க பஸ் நிறுவனம் கே.எஸ்.ஆர்.டி.சி. நஷ்டத்துக்குப் பேர் போனது. 2021 நவம்பரில் குறைந்த செலவுச் சுற்றுலாவுக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். சாலக்குடியில் இருந்து காட்டு வழியாக மலக்கப்பாறைக்கு ஒரு பஸ். அந்தப் பாதைக்குப் பஸ் புதிதல்ல. புதிதாகச் செய்தது சொன்னதுதான். எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு காசு, என்னென்ன காட்டுவோம் என்று ஒரு படத்தில் எழுதி, டிப்போ ஊழியர்களே வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அனுப்பினார்கள். கீழே டிப்போப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம். கூப்பிட்டால் மனிதர் பேசுவார். கூட்டம் வந்தது. பிறகு டிப்போவுக்கு டிப்போ இப்படிப் பயணங்கள். கொச்சியில் 'நெஃபர்டிட்டி' என்ற அரசாங்கக் கப்பலில் அரபிக் கடலைச் சுற்றிப் பார்க்க, கடலே இல்லாத உள்ளூர்களில் இருந்து பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். பழைய பஸ், பழைய ட்ரைவர், பழைய பாதை.

பிரித்தானியாவில் வேல்ஸ் நாட்டின் மேற்கு மூலையில் பெம்புரோக்ஷயர் என்ற கரையோரம் இருக்கிறது. அங்கே கோடைக்கென்று ஓட்டிய சின்ன பஸ்களுக்கு 'பஃபின் ஷட்டில்', 'பொப்பிட் ராக்கெட்' என்று பெயர் வைத்தார்கள். பஃபின் அந்தத் தீவுகளில் கூடு கட்டும் கடற்பறவை. பொப்பிட் ஒரு கடற்கரையின் பெயர். பஸ்ஸின் பெயரிலேயே கடல் வந்துவிட்டது, ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். கோடையில் எந்தெந்த நாள், மாரியில் எந்தெந்த நாள் என்று கரையோர பஸ்களுக்கு நேர அட்டவணை கிடைத்தது. அதற்கென்று அவர்கள் புதிதாக ஒரு ரோட்டும் போடவில்லை.

நாங்கள் செய்து பார்த்தது

வேனில் போய் வந்து சில மாதம் கழித்து, அடுத்த சீசனில், நான் படிப்பித்த பிள்ளைகள் நான்கு பேரை ஒரு வேலைக்கு விட்டேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை தகப்பன்மாரோடு போய், பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடமும் கொண்டக்டர்மாரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். கேட்க வேண்டியதை முதலிலேயே எழுதிக் கொடுத்தேன். புறப்படும் நேரம், எந்த நிலையம், கட்டணம், பிள்ளைகளுக்கு அரை டிக்கட்டா, போய்ச் சேரும் நேரம், வழியில் தேத்தண்ணிக்கு எங்கே நிற்கும், அங்கே பெண்களுக்கு மலசலகூடமும் தொழ இடமும் இருக்கிறதா, கடைசியாகத் திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு. கடைசிக் கேள்விக்கு அடிக்கோடு போட்டேன். போகும் நேரம் தெரியாவிட்டால் காத்திருக்கலாம். வரும் நேரம் தெரியாவிட்டால் பொம்பிளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவில் ரோட்டில் நிற்க வேண்டும்.

பிள்ளைகள் கொண்டு வந்த கடதாசியைப் பார்த்து அசந்து போனேன். ஒருவர் சொன்ன நேரத்தை மற்றவர் மறுத்திருந்தார். ஆனாலும் மூன்று பேர் ஒரே மாதிரிச் சொன்ன நேரங்கள் சில இருந்தன. அவற்றை மட்டும் எடுத்து, பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், வெள்ளை அட்டையில் எழுதினோம். மேலே 'கடல் பஸ்' என்று தலைப்பு. கீழே 'மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கு, டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்கு' என்று ஒரு வரி. ஒன்றைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில், அனுமதி கேட்டு, போட்டோம். ஒன்றைச் சந்தியில் உள்ள கடையில், பாண் வாங்க வருகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி. ஒரு பிள்ளை அதைப் படம் எடுத்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டது.

உங்கள் ஊரிலும் செய்யலாம். இன்னும் இரண்டு விஷயம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாகாணம் கடந்து போகும் தனியார் பஸ்ஸைப் பற்றி முறைப்பாடு இருந்தால் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். விடுமுறை நாட்களில் எத்தனை பஸ் போட்டார்கள், எத்தனை பேர் ஏறினார்கள், எதனால் நிறுத்தினார்கள் என்று அறிய வேண்டுமானால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். காரணமும் கேட்க முடியாது, யார் நீ என்று விரட்டவும் முடியாது. "ஆள் வரவில்லை" என்று இனி யாராவது சொன்னால், "அறிவித்தது எங்கே, எந்த மொழியில், எத்தனை நாளுக்கு முன்?" என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பஸ் நேரம் மாறும். எங்கள் அட்டையில் ஒரு நேரம் ஒரு மாதத்திலேயே பிழையாகிவிட்டது. ஒருவர் அதை நம்பிப் போய் முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து, கடையில் வைத்து எல்லோருக்கும் முன்னால் என்னை ஏசினார். ஏச்சு வாங்கியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அட்டையை ஒரு மனிதராவது படித்திருக்கிறார் அல்லவா! இப்போது கீழே 'கடைசியாக விசாரித்த நாள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அந்த நாள் பழையதாகப் பழையதாகப் பிள்ளைகள் மறுபடி ஓடுகிறார்கள்.

அந்த வருடமே நாங்கள் பஸ்ஸில் போனோம். எங்களோடு பக்கத்து வீட்டு ராத்தாவும் மூன்று பிள்ளைகளும். மாத்தளை தாண்டும் வரை என் உம்மா பஸ்ஸில் போவதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தம்புள்ளையில் இஞ்சித் தேத்தண்ணி குடித்த பிறகு அமைதியானார். நிலாவெளியில் இறங்கி, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நின்றபடி, "உங்க வாப்பா சொன்ன கடல் இதுதான்" என்றார்.

பக்கத்து வீட்டு ராத்தா மட்டும் தண்ணீரில் இறங்காமல் கரையில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்டு சொன்னீங்க? மறுகா ஒருக்காக் கேட்டுப் பாருங்களேன்."

நான் எழுந்து கேட்கப் போனேன்.